ஓடக் கூடாத காட்டில் என் மாப்பிள்ளை

ஜூன் 12, லுசாகா

விமானத்தை விட்டு இறங்கியதும் கோகிலா செய்த முதல் காரியம், என் வாயைப் பற்றி ஓர் உடன்படிக்கை.

"ஏனுங்க, இந்த ஒரு வாரம் மட்டும் வாயக் கட்டுங்க. என்ற தம்பி கரையேறட்டும். அப்பறம் ஊருக்கு வந்து எத்தன வேணாலும் பேசிக்கிங்க."

காங்கேயம் நகைச்சுவை மன்றத்தின் நிரந்தரத் தலைவனைப் பார்த்து இப்படிச் சொல்ல என் மனைவியால் மட்டுமே முடியும். ஐம்பத்து நான்கு வயது, தொப்பை, சர்க்கரை, காதோரம் சாயம். இவ்வளவையும் மக்கள் மறந்திருப்பதே என் வாயால்தான். அதையும் கட்டச் சொன்னால் மிஞ்சுவது என்ன?

விஷயம் இதுதான். கோகிலாவின் தம்பி ஈஸ்வரமூர்த்திக்கு நாற்பத்தேழு வயது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கம் அதிசயமில்லை. தோட்டமும் களமும் வைத்துக்கொண்டு பெண் கிடைக்காமல் நரைத்தவர்கள் ஊருக்கு ஒரு பஸ் நிறைய இருக்கிறார்கள். எங்கள் கொப்பரைக் களத்தையும் எண்ணெய் மில்லையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். எங்கள் வீட்டின் பின்கட்டில் இருக்கிறான். நான் அவனை மாப்ளே என்பேன், அவன் என்னை மச்சான் என்பான்.

இந்த ஊரில் வாசுகி என்று ஒரு பொள்ளாச்சிக்காரர் இருக்கிறார். கணக்கு டீச்சர். கணவர் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன, பிள்ளைகள் இல்லை. கோகிலாவின் தோழிக்கு உறவு. பஜ்ஜி சொஜ்ஜி வைத்துப் பெண் பார்ப்பதெல்லாம் இந்த வயதில் வேண்டாம், எல்லோரும் சேர்ந்து காட்டில் நடக்கலாம், நடக்கும்போது மனுஷன் எப்படி என்று தெரிந்துவிடும் என்றாராம். பிடித்துப்போனால் ஈஸ்வரன் இங்கேயே தங்க வேண்டும். அவர் வேலையை விட மாட்டார்.

எனக்கு இதில் ஓர் ஆட்சேபணையும் இல்லை என்பதைத் தேதி போட்டு இங்கே எழுதி வைக்கிறேன்.

களத்திலிருந்து போன். மழை வருகிற மாதிரி இருக்கிறதாம், தார்ப்பாய் எங்கே என்று கேட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும்? ஈஸ்வரனிடம் கொடுத்தேன். வீட்டிலிருந்தும் போன். அப்பா சாப்பிட மாட்டேன் என்கிறாராம். படுக்கையில் விழுந்ததிலிருந்து அவரைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் ஈஸ்வரன்தான். அவனுக்கு அதில் ஒரு கைராசி. எனக்கு முதுகு வலி. இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 13, லுவாங்வா ஆற்றங்கரை, முகாம்

வந்தது சின்ன விமானம். ஏற்றுவதற்கு முன் பெட்டிகளோடு பயணிகளையும் எடை போட்டார்கள். என் எடையை அந்தப் பெண் ஒலிபெருக்கி இல்லாமலே ஊருக்கு அறிவித்தாள். விமானி என்னை நடுவில் உட்காரச் சொன்னார். கப்பலுக்கு நங்கூரம் மாதிரி.

முகாம் என்றால் ஆற்றைப் பார்த்து நாலைந்து துணிக் கூடாரங்கள். ஆற்றில் நீர்யானைகள் நாள் முழுக்க, சம்பந்தி வீட்டுக் குறை சொல்கிற மாதிரி உறுமிக்கொண்டிருக்கின்றன.

எங்களை நடத்திப் போகிறவர்கள் இருவர். வழிகாட்டி ஜெரே, ஒல்லி ஆள், தன் மீசையைத் தானே ரசிப்பவர். துப்பாக்கிக் காவலர் முலெங்கா, வனத்துறை ஆள், நம்மோடு பேசும்போதும் கண்ணைக் காட்டுக்குள் வைத்திருப்பவர். ஜெரே விதிகளைச் சொன்னார். ஒற்றை வரிசையில் நடக்க வேண்டும். பேசக் கூடாது. வரிசையை விட்டுத் தனியே போகக் கூடாது. எது வந்தாலும் ஓடக் கூடாது. காட்டில் ஓடுவதெல்லாம் இரை. எல்லாவற்றையும் விட ஆபத்தானது கூட்டத்தை விட்டு ஒதுங்கிப்போன கிழட்டு ஆண் எருமை, அதற்கு எப்போதும் யார் மேலாவது கோபம் என்றார். கோகிலா என்னைப் பார்த்தாள்.

ஈஸ்வரனுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. அதனால் வாசுகி அவனுக்கு அவ்வப்போது தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. நாள் முழுவதும் அந்த அம்மா அவன் காதோடு பேசிக்கொண்டிருந்ததை இன்று பார்த்தேன். "இது உன் திட்டத்தில் இருந்ததா?" என்று கோகிலாவைக் கேட்டேன். "பின்ன?" என்றாள்.

யானைச் சாணி ஒன்று கிடந்த இடத்தில் இருவரும் நின்றார்கள். ஈஸ்வரன் ஏதோ முணுமுணுத்தான். வாசுகி வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

"என்ன மாப்ளே சொன்னே?" என்று பிறகு கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க மச்சான். நம்ம களத்துல மட்ட காயப்போட்ட மாதிரியே இருக்குது, யாராச்சும் அள்ளி மூட்ட கட்டிட்டா ஊருக்கே அனுப்பலாமுங்கன்னேன்."

இதற்கு ஒரு படித்த பெண்மணி தோள் குலுங்கச் சிரிப்பாரா? மேடையில் நான் எத்தனை வருஷமாகத் தொண்டை வறளப் பேசுகிறேன், முன்வரிசை கொட்டாவி விடுகிறது.

ஜூன் 14

இன்று எனக்கு ஒரு லைசென்ஸ் கிடைத்தது.

காலையில் கிளம்பும்போது ஜெரேவும் முலெங்காவும் ஒருவரை ஒருவர் கன்னாபின்னாவென்று ஏசிக்கொண்டார்கள். "குரங்கு தின்னி, துப்பாக்கிய நேராப் புடி" என்றார் ஜெரே. "எலி தின்னி, நீ முன்னால போ, சிங்கம் முதல்ல உன் எலும்பக் கடிச்சுட்டுப் பசி வெறுத்துப் போகட்டும்" என்றார் முலெங்கா. வாசுகிக்கு அவர்கள் பாஷை தெரியும்; சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அடிதடி வரும் என்று கோகிலாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"சண்டை இல்லண்ணா. ஜெரே ங்கோனி, முலெங்கா பெம்பா. அந்தக் காலத்துல ரெண்டு கூட்டமும் வெட்டிக்கிட்டவங்க. அப்புறம் வெட்டுறதுக்குப் பதிலாக் கேலி பண்ணிக்கலாம்னு ஆயிருச்சு. முறைக்காரங்க. என்ன சொன்னாலும் கோவிச்சுக்கக் கூடாது" என்றார் வாசுகி.

"அட, நம்ம மாமன் மச்சான் கேலி!"

"கிட்டத்தட்ட. ஆனா ரெண்டு பேரும் பேசணும். ஒருத்தர் மட்டும் பேசினா அதுக்கு இங்க வேற பேரு."

"என்ன பேரு?"

"அடி."

அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் வழக்கத்தை மதிப்பதுதான் பண்பாடு. கோகிலாவின் உடன்படிக்கை இந்த நாட்டில் செல்லாது.

சாயங்காலம் தீ மூட்டி உட்கார்ந்தோம். சோளமாவில் கிண்டிய ன்ஷிமா கொடுத்தார்கள். நம் ராகிக் களிக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. நான் எழுந்து நின்று ஈஸ்வரன் பெண் பார்த்த கதைகளை நடித்துக் காட்டினேன். தாராபுரத்தில் பதற்றத்தில் கை கழுவ வைத்த தண்ணீரை எடுத்துக் குடித்தது. வெள்ளகோவிலில் பெண் யாரென்று தெரியாமல் பெண்ணின் அம்மாவைப் பார்த்துத் தலைகுனிந்தது. ஜெரே விழுந்து விழுந்து சிரித்தார். வாசுகியும் சிரித்தார். ஈஸ்வரனும் சிரித்தான், அவன் எப்போதும் சிரிப்பான்.

அந்தச் சூட்டில் நான் உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் பண்ணிய பிறகு நின்றுபோன கல்யாணத்தின் கதைக்குப் போனேன். பந்தல் போட்டாகிவிட்டது, பெண் முதல்நாள் கிளம்பிப்போய்விட்டாள், பந்தலைப் பிரிக்க ஆள் வராமல் மாப்பிள்ளையே ஏணி வைத்து ஏறிப் பிரித்தான். ஏணியில் நின்ற அவனுடைய முகத்தை நான் செய்துகாட்டினால் காங்கேயத்தில் கைதட்டல் நிற்காது.

இங்கே ஈஸ்வரன் எழுந்து விறகைத் தள்ளிவிட்டான். வாசுகி சொன்னார்: "இத அவரே நேத்து எங்கிட்டச் சொல்லிட்டாருண்ணா. அவர் சொன்னப்ப சிரிப்பு வரல."

கதை சொல்லத் தெரியாதவன் சொன்னால் அப்படித்தான்.

ஜூன் 15

கால் கொப்புளம். நான் நடக்கப் போகவில்லை. மற்றவர்கள் போனார்கள். நான் இல்லாமல் மிகவும் அமைதியாக இருந்ததாம், கோகிலா ஒரு மாதிரி சந்தோஷத்தோடு சொன்னாள்.

ஜூன் 16

இன்று கலை நிகழ்ச்சி. பக்கத்துக் கிராமத்தில் நடனம் பார்த்து, முறம் பின்னக் கற்றுக்கொண்டு வருவதாக ஏற்பாடு. போய்ச் சேர்ந்தால் இழவு வீடு. ஜெரேவின் பெரியப்பா காலையில் போய்விட்டார். திரும்பலாம் என்றேன். ஜெரே, வந்தவர்கள் வாருங்கள், வராமல் போனால்தான் தப்பு என்றார்.

உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நம் முலெங்கா தொப்பியைக் கழற்றாமல் நேரே நடுவாசலுக்குப் போனார். செத்தவருடைய நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். "எழுந்திருய்யா எலி தின்னி! எனக்குத் தர வேண்டிய கோழியக் குடுக்காமத் தப்பிக்கத்தான இந்த நாடகம்?" என்று பிணத்தைப் பார்த்துக் கத்தினார். அழுதுகொண்டிருந்த கிழவி ஒருத்தி சிரித்துவிட்டாள். சிரித்தபடியே இன்னும் பலமாக அழுதாள்.

என் தொழிலின் உச்சம் இது. பிணத்தை வைத்துக்கொண்டு கைதட்டல் வாங்குவது! குறிப்பு எடுத்துக்கொண்டேன்.

வாசுகி ஈஸ்வரனிடம் மெதுவாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது. "எங்க வீட்டுக்காரர் போனப்ப எதுத்த வீட்டு ஆளு இப்படித்தான் வந்து கிண்டல் பண்ணினாரு. அன்னைக்கு ராத்திரிதான் நான் சோறு தின்னேன்."

"அப்பறம் அவரு?"

"யாரு?"

"எதுத்த வீட்டுக்காரருங்க. கிண்டல் பண்ணிட்டு?"

"எல்லா வேலையும் அவர்தான் பார்த்தாரு. கேலி பண்றவருக்குத்தான் குழி வெட்டற கடமையும். அதான் வழக்கம்."

முலெங்கா அதற்குள் நாற்காலியை விட்டு எழுந்து மண்வெட்டியோடு போய்விட்டிருந்தார். ஈஸ்வரன் சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு இன்னொரு மண்வெட்டியை வாங்கிக்கொண்டு போனான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அவன் போனதை வாசுகி பார்த்துக்கொண்டிருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வெயில் கண்ணில் அடித்தது.

கோகிலாவும் நானும் ஜீப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம்.

ஜூன் 17

சம்பந்தம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. வாசுகி கோகிலாவிடம் கேட்டிருக்கிறார்: "அவருக்கு லுசாகால இருக்கச் சம்மதமாக்கா?" ஈஸ்வரனிடம் கேட்டதற்கு, "மச்சான் சரின்னா சரிங்க" என்றானாம். கோகிலா அழுதாள், மூக்கைச் சிந்தினாள், என்னைப் பார்த்து, "உங்கொப்பனுக்கு ஒரு ஆள் போட்டுக்கலாம்" என்றாள். ஏதோ நான் அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரி!

ஈஸ்வரன் வந்து எதிரில் நின்றான். கால்சட்டை போட்டிருந்தாலும் வேட்டி கட்டியிருப்பவன் மாதிரி கையை மடித்து வைத்துக்கொள்வான்.

"மச்சான், நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

"எனக்கென்ன மாப்ளே. ஒரு அறுபது வயசுக்குள்ளயாச்சும் தாலி கட்டிரோணும்."

"சரிங்க மச்சான்." சிரித்தான்.

இதுவரை வந்த சம்பந்தங்களிலும் நான் குறுக்கே நின்றதில்லை. விசாரிக்க வருகிறவர்களிடம், "பையன் தங்கமுங்க. ஆனா..." என்பேன். அவ்வளவுதான். அந்த ஆனாவுக்கு அப்புறம் அவர்களே எதையாவது போட்டுக்கொள்வார்கள். மனித இயல்பு.

மத்தியானம் முலெங்காவோடு உட்கார்ந்து, ஒற்றை எருமை எப்படிச் சத்தம் போடும் என்று கேட்டேன். அடிவயிற்றிலிருந்து ஒரு செருமல் விட்டுக் காட்டினார். நாக்கை மடித்து மூக்கால் விட வேண்டும். அறிவு எங்கே கிடைத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"ஏனுங்க, சளி புடிச்சிருக்குதா? கஷாயம் வெக்கச் சொல்லட்டுமா?" என்று கோகிலா குளியலறைத் திரைக்கு வெளியிலிருந்து கேட்டாள்.

ஜூன் 18

இன்று சிறு விபத்து. ஈஸ்வரன் பயந்து ஓடினான், துப்பாக்கி வெடித்தது. உயிர்ச்சேதம் இல்லை.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பின்

மேலே எழுதியது சுருக்கமாக இருக்கிறது. கோகிலா கேட்டால் விவரம் வேண்டும், அதனால் சரியாக எழுதுகிறேன்.

முழங்கால் வலி என்று கோகிலா வரவில்லை. நாங்கள் ஒரு பெரிய மரத்தடியில் தேநீருக்கு உட்கார்ந்தோம். நான் ஒதுங்க வேண்டும் என்றேன். ஜெரே ஒரு புதரைக் காட்டி, அதைத் தாண்டாதீர்கள் என்றார். தாண்டவில்லை. சுற்றினேன். சுற்றியபோது அந்தப் புதர் வாசுகியும் ஈஸ்வரனும் உட்கார்ந்திருந்த மரத்துக்குப் பின்னால் போய் முடிந்தால் அது என் குற்றமா? காலைப் பனி, தொண்டையில் சளி. செருமினேன். ஒரு செருமலில் போகாத சளி. மறுபடியும் செருமினேன். பாம்பு இருந்தால் போகட்டும் என்று புதரையும் கொஞ்சம் ஆட்டினேன்.

அந்தப் பக்கம் ஜெரே குரல் அடங்கிப்போய், "அசையாதீங்க, என் பின்னால வாங்க" என்றது கேட்டது. துப்பாக்கியில் ஏதோ இழுத்துவிடுகிற சத்தம். இந்த இடத்தில் ஒருவன் ஓட வேண்டும் என்றால் ஆற்றுப் பக்கம்தான் ஓட வேண்டும். வெட்டவெளி, சரிவு, எல்லோரும் பார்க்கிற மாதிரி. ஈஸ்வரன் நாய் குரைத்தாலே வரப்பு மாறுகிறவன்.

அவன் ஆற்றுப் பக்கம் ஓடவில்லை. துப்பாக்கியின் பக்கம் ஓடினான்.

புதரின் அடியில் என் காலணி தெரிந்திருக்கிறது. திருப்பூருக்குப் போய் என் காலுக்கு அளவு சொல்லி அதை வாங்கி வந்தவனே அவன்தான். "ஐயோ மச்சானுங்க!" என்று கத்திக்கொண்டு குழலைப் பிடித்து மேலே தூக்கினானாம். அவன் தலையோரத்தில் வெடித்தது. காடே ஒரு முறை எழுந்து உட்கார்ந்தது.

நான் கால்சட்டையைச் சரிசெய்தபடி வெளியே வந்து, "என்னாச்சு?" என்றேன்.

முலெங்கா துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசுகி என் காலணியைப் பார்த்தார், பிறகு முகத்தை. ஈஸ்வரன் மட்டும்தான் பேசினான். தன் குரல் தனக்கே கேட்காததால் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.

"மச்சான்! உங்களுக்கு ஒண்ணுமில்லயே?"

எந்தப் பக்கம் ஓடினாலும் ஓடினது ஓடினதுதான். ஓடக் கூடாது என்பது விதி.

முகாமுக்கு வந்ததும் நான்தான் கோகிலாவிடம் பக்குவமாகச் சொன்னேன். அவள் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டா ஈசு, ஒரு எருமச் சத்தத்துக்கா பயந்தே? நம்மூட்டுல எத்தன எரும கட்டியிருந்தோம்! அந்தப் புள்ள முன்னால மானத்த வாங்கிட்டியேடா!"

அவன் என்னைப் பார்த்தான். "ஆமாக்கா. பயந்துட்டன்" என்றான்.

நான் வற்புறுத்தவில்லை. அவனாகச் சொன்னான்.

ஜூன் 19

துப்பாக்கி வெடித்தால் வனத்துறை அதிகாரி வந்து விசாரிப்பாராம். வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத மனிதர். வேண்டுமென்றே விளையாட்டுக் காட்டிய விருந்தாளி என்றால் போலீசுக்கு அனுப்புவோம், பயந்துபோய்த் தவறு செய்தவர் என்றால் எச்சரிக்கையோடு விடுவோம் என்று முதலிலேயே விளக்கினார். எனக்கு வியர்த்தது. ஜூன் மாதம் இங்கே குளிர்காலம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள், நம்ப வேண்டாம்.

யாரும் என்னைக் கேட்பதற்கு முன் ஈஸ்வரன் எழுந்தான். "நாந்தானுங்க பயந்துபோயி துப்பாக்கியப் புடிச்சு இழுத்துட்டன். அவிய மேல ஒரு தப்பும் இல்லீங்க." சொல்லிவிட்டு வாசுகியைப் பார்த்தான். அவர்தானே மொழிபெயர்க்க வேண்டும்.

வாசுகி சும்மா உட்கார்ந்திருந்தார். அதிகாரி பேனாவைத் தட்டினார். "சொல்லுங்க டீச்சர்" என்றான் ஈஸ்வரன், கெஞ்சுகிற மாதிரி. அவர் இங்கிலீஷில் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தப்பான விடையைக் கரும்பலகையில் எழுதச் சொன்னால் எப்படி எழுதுவார்களோ அப்படி. ஜெரே வாயைத் திறக்கப் போனார். முலெங்கா அவர் முழங்காலில் கை வைத்தார். விருந்தாளியைக் கண் பார்வையிலிருந்து விட்டது அவர்கள் பிழை அல்லவா? அவர்களுக்கும் வேலை வேண்டும்.

அதிகாரி போனார். மருந்தகத்து நர்ஸ் ஈஸ்வரன் காதில் சொட்டு மருந்து விட்டார். இரைச்சல் கொஞ்ச நாள் இருக்கும் என்றார்.

ஒட்டுக் கேட்பது என் வழக்கமல்ல. கூடாரத் துணி மெல்லிசு.

"எங்கிட்டயாவது நெசத்தச் சொல்லுங்க." வாசுகி.

"அதான் சொன்னனுங்களே."

"நானும் அங்கதான் இருந்தேன்."

"பார்த்துட்டு எதுக்குங்க கேக்கறீங்க?"

"உங்க வாயால வரணும்."



"அக்கா புருஷனுங்க. தெரிஞ்சா அக்கா தாங்காது."

"அக்காகிட்டச் சொல்ல வேண்டாம். ஆபீசர்கிட்ட வேண்டாம். எனக்குச் சொல்லுங்க, போதும்."

"முடியாதுங்க."

"அப்ப கல்யாணம் பண்ணினாலும் வீட்டுல மூணு பேரு இருப்போம். எனக்கு அது ஆகாதுங்க."

"சரிங்க" என்றான். களத்தில் விலை படியாவிட்டால் வியாபாரியிடம் சொல்வானே, அதே சரிங்க.

நான் நகர்வதற்குள் வாசுகி வெளியே வந்துவிட்டார். என் எதிரில் நின்றார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். மரியாதையாகத்தான் சொன்னார்.

"இவங்க வழக்கத்துல கேலி பண்றவர்தான் குழியும் வெட்டணும். ரெண்டையும் குறைவில்லாமச் செஞ்சுட்டீங்கண்ணா."

அந்த அம்மாவுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்று முன்பே எழுதியிருக்கிறேனா?

கோகிலா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துவிட்டாள். கூடாரத்தில் சுவர் இல்லை, இருந்தாலும். "என்ற தம்பிக்குக் குடுப்பன இல்ல" என்றாள். ஆறுதலாக அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

ஜூன் 20

ஜீப்பில் ஈஸ்வரனுக்கு வலதுபுறம் உட்கார்ந்தேன். "மாப்ளே, அந்த நெல்லிக்கா ஊறுகாய எடு" என்றேன். ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அப்புறம் சோதனைக்காக, மன்றத்தில்கூடச் சொல்லத் தயங்குகிற ஒன்றைச் சொன்னேன். ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடம் மாறி உட்கார்ந்து, இடது பக்கத்திலிருந்து, "ஊறுகாய்" என்றேன். "இந்தாங்க மச்சான்" என்று பையைத் திறந்தான்.

வலது காது போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை அவன். அக்காவிடம் இரைச்சல் மட்டும்தான் என்றிருக்கிறான். வலது பக்கத்திலிருந்து யாராவது பேசினால் ஒரு சிரிப்புச் சிரித்து, "சரிங்க" என்று தலையாட்டுகிறான். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. கேட்கிறபோதும் அவன் அப்படித்தானே.

நானும் யாரிடமும் சொல்லவில்லை. அவன் ரகசியம், அவன் சொல்லட்டும்.

களத்திலிருந்து போன். தார்ப்பாய் கிடைக்கவில்லையாம், கொப்பரை நனைந்துவிட்டது. "நாளன்னைக்கு ஈஸ்வரன் வந்துருவான், எல்லாம் பார்த்துக்குவான்" என்றேன். வீட்டுக்கும் போன் செய்து அப்பாவிடம் அதையே சொல்லச் சொன்னேன். இரண்டு இட்லி சாப்பிட்டாராம்.

ஜூன் 21, லுசாகா விமான நிலையம், பிறகு விமானத்தில்

வாசுகி வழியனுப்ப வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெளுத்த பச்சைப் புடவை. கண் கொஞ்சம் வீங்கியிருந்தது, தூசி ஒத்துக்கொள்ளவில்லை போலும். கோகிலா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குக் குடுத்து வெக்கலம்மா" என்று அழுதுவிட்டு முகம் கழுவப் போனாள். நான் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் நின்றேன். ஒலிபெருக்கியில் ஏதேதோ விமானத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாசுகி ஈஸ்வரனுக்கு வலதுபுறம் வந்து நின்றார். அவனைப் பார்க்கவில்லை, முன்னால் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு, உதடு அதிகம் அசையாமல், தாழ்ந்த குரலில் பேசினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், காதைத் திருப்ப முடியாதே.

"ரெண்டு நாளா யோசிச்சேன். நான் சொன்னது கடுசுதான். நீங்க ஓடின பக்கம் எதுன்னு நான் பார்த்தேன். அப்படி ஓடற ஆளை வேண்டாம்னு சொன்னா நான்தான் முட்டாள். நெசத்த நீங்க சொல்லவே வேண்டாம். ஆனா தனியா வாங்க. அவங்களையெல்லாம் விட்டுட்டு. தை வரைக்கும் நான் காத்திருப்பேன். வர்றதா இருந்தா ஒரு வார்த்த அனுப்புங்க. அனுப்பலைன்னா புரிஞ்சுக்குவேன், மறுபடி நானாக் கேக்க மாட்டேன். என்ன?"

கடைசி வார்த்தைக்குத்தான் அவன் பக்கம் திரும்பினார். அவர் திரும்பியதைப் பார்த்து ஈஸ்வரனும் திரும்பினான். அந்தச் சிரிப்பைச் சிரித்தான்.

"சரிங்க" என்றான். தலையாட்டினான்.

அந்த அம்மாவின் முகத்தை நான் இந்த ஒரு வாரத்தில் அப்படிப் பார்த்ததில்லை. பத்து வயது குறைந்துபோயிற்று. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். கதவருகில் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். ஈஸ்வரன் கும்பிட்டான்.

இதை எழுதும்போது விமானம் கிளம்பிவிட்டது. நடு இருக்கை எனக்கு. இடது ஓரத்தில் கோகிலா தூங்குகிறாள். ஈஸ்வரன் எனக்கு வலதுபுறம், ஜன்னலோரம். நல்ல காது என் பக்கம் இருக்கிறது. வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டே வந்தான், மேகம் மூடிய பிறகும். அப்புறம் என் பக்கம் சாய்ந்தான்.

"மச்சான்."

"என்ன மாப்ளே?"

"டீச்சர் கெளம்பறப்ப என்னமோ சொன்னாங்கல்ல. நீங்க பின்னாலதான நின்னுட்டிருந்தீங்க. எனக்கு அந்த மைக்குச் சத்தத்துல சரியா விழல. என்னங்க சொன்னாங்க?"

சாப்பாட்டு வண்டி வந்தது. கோழி வேண்டுமா, சைவமா என்றாள் பணிப்பெண். சைவம் என்றேன், இரண்டு பேருக்கும். அவனுடைய தட்டின் மூடியை நானே திறந்து வைத்தேன்.

"பத்தரமாப் போயிட்டு வாங்கன்னாங்க" என்றேன். "அவ்வளவுதான்."

நல்ல காதில்தான் சொன்னேன். தெளிவாகக் கேட்டிருக்கும்.